மறு: மாத்திரைக்குப் பதில் பூண்டும் தேனும் போதுமா?
சகோதரி, எச். பைலோரி என்னும் வயிற்றுக் கிருமிக்கான மாத்திரை குமட்டுவதால், பாம்பனில் இருக்கும் அப்பாவுக்குப் பூண்டும் தேனும் மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பூண்டில் உள்ள அல்லிசின் என்ற சேர்மம் ஆய்வகத் தட்டில் இந்தக் கிருமியைத் தடுக்கிறது. மனித வயிற்றில் அது மட்டுமே ஒழிப்பதாக நிரூபணமில்லை. புரோக்கோலி முளையில் உள்ள சல்ஃபோராஃபேன் என்ற சேர்மம் கிருமியைக் குறைக்கலாம், வேரறுக்காது. (அந்த முளைக்கு ராமநாதபுரம் சந்தையில் எங்கே போவது! சல்ஃபோராஃபேன் சேர்ந்த ஐசோதயோசயனேட் வகைச் சேர்மங்கள் முருங்கையிலும் முள்ளங்கியிலும் உண்டு. உணவாகத் தாராளமாகக் கொடுங்கள்.) மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். குமட்டலை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கிறது. கருவாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். இந்தக் கிருமியோடு அதிக உப்பும் சேர்ந்தால் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. மாத்திரை முடிந்து 4 வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை அதற்கு 2 வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.