கடை வாசலிலிருந்து பள்ளி வாயில் வரை: கேள்வி பதில்

வருவாய்த்துறையில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாஸ்மாக் கடைக்கும் பள்ளிக்கும் நடுவே டேப் பிடித்து நின்ற அனுபவம் நிறைய உண்டு. வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வில்லிவாக்கம்: மகளின் பள்ளிக்கு அருகில் டாஸ்மாக் வரப்போகிறதாம். 100 மீட்டருக்குள் கூடாது என்கிறார்கள். கைபேசி வரைபடத்தில் 70 மீட்டர்தான் காட்டுகிறது. தடுக்கலாமா சார்?

70 மீட்டர் என்று கலெக்டருக்கு மனு எழுதினால் நீங்களே உங்கள் வழக்கைத் தோற்கடித்துக்கொள்வீர்கள். 2003ஆம் ஆண்டு மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் 8ஆவது விதியைப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டர். மற்ற இடங்களில்தான் 100. நீலாங்கரை ஊராட்சியாக இருந்தவரை அங்கே 100 மீட்டர் கணக்கு. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததும் 50 ஆகிவிட்டது. ஊர் வளர்ந்தது, இடைவெளி சுருங்கியது.

இனி அளக்கும் விதம். காகம் பறக்கிற நேர்க்கோடு இல்லை. கடை வாசலின் நடுப்புள்ளியிலிருந்து, நடந்து போகிறவர் வழக்கமாகப் போகும் மிகக் குறுகிய வழியில், பள்ளியின் மிக அருகிலுள்ள வாயில் வரை. ஒரு கடையில் நான் அளந்தபோது 38 மீட்டர் வந்தது. ஒரே வாரத்தில் முன்வாசலை அடைத்து, பக்கத்துச் சந்தில் கதவு வைத்தார்கள். மறுபடி அளந்தால் 61. சரக்கு அதே அலமாரியில்தான் இருந்தது.

இன்னும் இரண்டு ஓட்டைகள். அந்த இடம் திட்டக் குழுமத்தின் வரைபடத்தில் வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று இருந்தால் தூரக் கட்டுப்பாடே கிடையாது. கடை வந்த பிறகு பள்ளி வந்திருந்தாலும் கிடையாது. ஆகவே சர்வே எண்ணை வைத்து, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் நிலப் பயன்பாடு என்ன என்று முதலில் பாருங்கள். டேப்பால் அளக்காமல் மனு எழுதாதீர்கள்.

கொளத்தூர்: பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் கூடாது என்று பள்ளிச் சுவரிலேயே பலகை இருக்கிறதே?

அது பீடி, சிகரெட்டுக்கு. 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டம். அங்கே மதில் சுவரிலிருந்து சுற்றுவட்டமாக அளக்க வேண்டும், நடைவழி கணக்கில்லை. 100 கெஜம் என்றால் 91 மீட்டருக்குச் சற்று மேல். ஆக, பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் விற்பவர் பள்ளியை விட்டு 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அரசே நடத்தும் சாராயக்கடைக்கு 50 போதும். இதை நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

பெருங்குடி: நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே?

2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஜூலையில், மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இது தடையில்லை என்று விளக்கமும் வந்துவிட்டது. சென்னைக்குள் அதை நம்பாதீர்கள்.

அயனாவரம்: 50 மீட்டரா 100 மீட்டரா சார்?

50. மேலே இருக்கிறது.

ஆதம்பாக்கம்: கடை சாலையின் அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம். நடுவில் தடுப்புச் சுவர். நேரே 30 மீட்டர். சிக்னல் வரை போய்க் கடந்தால் 140. எது கணக்கு?

அருமையான கேள்வி. தடுப்பில் இடைவெளி இருந்தால் அதுதான் வழி. முழுக்க அடைத்திருந்தால் சிக்னல் வழியாகத்தான், 140.

கொளத்தூர்: சார், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பசங்க யாரும் சிக்னலுக்குப் போவதில்லை. தடுப்பை ஏறித் தாண்டுகிறார்கள். விதியில் "வழக்கமாக" என்றுதானே இருக்கிறது?

தாண்டுவது சட்டப்படியான வழி இல்லையே தம்பி.

கொளத்தூர்: "சட்டப்படியான வழி" என்று விதியில் இருக்கிறதா சார்?

இல்லை.

ஆதம்பாக்கம்: அப்போ 30 தான்!

மந்தைவெளி: அப்படியானால் பசங்க மதில் ஏறினால் மதிலிலிருந்து அளப்பீர்களா? நாளைக்கு ஓட்டைப் பிரித்து இறங்கினால்?

சரி சரி, இருங்கள். கொளத்தூர் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது, தடுப்பு இருந்தால் சுற்றித்தான் அளந்தேன். மேலதிகாரியும் அப்படித்தான் சொன்னார். ஆனால் காலை எட்டரைக்கு நூறு பேர் ஒரே இடத்தில் தாண்டுகிறார்கள், அங்கே கம்பியே வளைந்து கிடக்கிறது என்றால், அது வழக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் படம் எடுத்து, தேதி நேரத்தோடு மனுவில் இணையுங்கள். கலெக்டர் ஏற்பாரா என்று உத்தரவாதம் தர முடியாது. மந்தைவெளி அண்ணன் சொன்ன ஓட்டுக் கதைக்கு என்னிடம் டேப் இல்லை.

ராயபுரம்: கடை தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியின் பின்சுவர் ஓரம் தினமும் உட்கார்ந்து குடிக்கிறார்கள். காலையில் பாட்டில் துண்டுகளைப் பெருக்கிவிட்டுத்தான் பிள்ளைகளை விடுகிறோம்.

இதற்கு டேப்பே வேண்டாம் அம்மா. 50 மீட்டர் கணக்கு கடைக்குத்தான், குடிப்பவருக்கு இல்லை. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 355ஆவது பிரிவில் 24 மணி நேரம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். குடிக்கும் நேரத்தில் 100க்கு அழையுங்கள்; மதுவிலக்குப் பிரிவின் இலவச எண் 10581. காலையில் அழைத்தால் பாட்டில்தான் இருக்கும், ஆள் இருக்காது. பையன்களை அனுப்பிச் சரக்கு வாங்கிவரச் சொல்கிறார்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். சிறார் நீதிச் சட்டம் 77, 78 பிரிவுகளில் ஏழு ஆண்டு வரை சிறை. இங்கே 21 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது.

திருவொற்றியூர்: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள்.

நான் நில அளவர்.

அம்பத்தூர்: எங்கள் பகுதிக்கு 50 மீட்டரா, 100 மீட்டரா?

அம்பத்தூர் மாநகராட்சிக்குள் வந்து பல வருடம் ஆகிறது. முதல் பதிலைப் படியுங்கள். தயவுசெய்து.

வில்லிவாக்கம்: சார், இன்று டேப் வைத்து அளந்துவிட்டோம். 52.3 மீட்டர். அவ்வளவுதானா?

எந்த வாயில் வரை அளந்தீர்கள்?

வில்லிவாக்கம்: பெரிய கேட் வரை. கடைப் பக்கமாக ஒரு சின்னக் கேட் இருக்கிறது, சத்துணவுக்கு அரிசி இறக்குவது அதன் வழியாக. பிள்ளைகளும் அதில் வருவார்கள்.

டேப்பைச் சுருட்டிவிட்டீர்களா?