பூனைகளின் வீட்டில் ஒரு மணி நேரம்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், அடுத்த மாதம் நானும் கணவரும் அங்கே போகும்போது, பூனைகள் உலவும் ஒரு காஃபிக் கடைக்கு எங்களை அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். பூனை குறுக்கே வந்தால் திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படும் குடும்பம் எங்களுடையது. போகலாமா? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— வாசகி, பாலக்கோடு

பதில்: தயங்காமல் போய் வாருங்கள், அம்மா. ஆனால் காஃபி குடிக்கப் போவதாக எண்ணாமல், பூனைகள் வாழும் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். சகுனத்தைப் பற்றி ஒன்று சொல்வேன். நம் தர்மபுரிப் பக்கத்தில் கேழ்வரகுக் குதிர் வைத்திருந்த வீடுகளில் எலியிடமிருந்து தானியத்தைக் காத்துக் கொடுத்தது பூனைதான். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது.

இத்தகைய முதல் கடை 1998இல் தைவான் தலைநகர் தைபேயில் திறக்கப்பட்டது. 2004இல் ஜப்பானின் ஒசாகாவுக்கு வந்த இந்த வழக்கம், அங்குள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் செல்லப்பிராணி வளர்க்க அனுமதி இல்லாததால் வேகமாகப் பரவியது.

நான் முதன்முதலில் போனபோது, வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார்கள். உள்ளே சுவரில் படிப்படியாக அடித்திருந்த பலகைகளில், எல்லாவற்றுக்கும் மேலே, செம்பட்டை நிறப் பூனை ஒன்று வாலைக் கால்களில் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தது. கூப்பிட்டும் அது வரவில்லை. கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தரையில் அமைதியாக உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து அது தானாக இறங்கி வந்து, ஊரிலிருந்து நான் கொண்டுபோன துணிப்பையை ஓரம் ஓரமாக முகர்ந்து பார்த்துவிட்டு, என் முழங்காலில் நெற்றியை வைத்து அழுத்தியது. அந்த அழுத்தம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஆகவே நீங்களும் பூனையைத் தேடிப் போகாதீர்கள். தூங்குவதை எழுப்பவோ, கீழே கிடப்பதைத் தூக்கவோ வேண்டாம். அது உங்களைப் பார்க்கும்போது உற்றுப் பார்க்காமல் கண்களை மெல்ல மூடித் திறங்கள். அப்படிச் செய்பவர்களை நோக்கிப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வருவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஆடுகிற நுனி எதையும் பூனை பாய்ந்து பிடிக்கும் என்பதால் பட்டுப் புடவை வேண்டவே வேண்டாம். அன்பின் மிகுதியில் பால் வாங்கிப் போகாதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. பல இடங்களில் இருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணமும் காஃபிக்குத் தனி விலையும் உண்டு என்பதால், மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது ஒன்று உண்டு. பூனைகள் மனிதர்களை விட்டு விலகி ஏறிக்கொள்ள உயரமான இடங்களும், விருந்தினர் நுழையாத ஓர் அறையும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டிய பணம் போனாலும் போகட்டும், எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. இப்படிப்பட்ட இடத்துக்கு அவர் வரலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கர்ப்பிணிகளுக்கு அஞ்ச வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனையின் முடியிலிருந்து வருவதில்லை. மலத்திலிருந்தும், சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறிகள் வழியாகவும் பரவுகிறது. எனவே பூனையின் கழிவுத் தொட்டி இருக்கும் பக்கம் அவர் போகவே கூடாது. பூனையைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. போவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்கு ஆஸ்துமாவோ பூனை ஒவ்வாமையோ இருந்தால், பிரசவத்துக்குப் பிறகும் இந்தப் பயணம் வேண்டாம்.