மோல்டு செய்யும் சிறு கம்பெனி போட்டியில் நிற்க எந்த மில்லிங் மெஷினில் பணம் போட வேண்டும்?

கேள்வி கேட்டவர் பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டு செய்கிறார். ஷெட்டில் இரண்டு பழைய விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் வெட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்) ஓடுகின்றன. வாடிக்கையாளர் சீன விலையைக் காட்டி ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார், டெலிவரியையும் முன்னால் இழுக்கிறார். ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேலே போடத் தயார். மூன்றாவதாக இன்னொரு விஎம்சியா, ஹை ஸ்பீடா, ஐந்து அச்சில் நகரும் ஃபைவ் ஆக்சிஸா என்று கேட்டிருக்கிறார்.

நான் அம்பத்தூர்ப் பக்கம் மோல்டு செய்யும் ஒரு டூல் ரூமில் இருக்கிறேன். புரோகிராமிங்கில் ஆரம்பித்தவன், இப்போது கொட்டேஷன் போடுவதும் என் வேலைதான். என் கருத்து இது: இன்னொரு சாதாரண விஎம்சி வாங்காதீர்கள். இருக்கிற இரண்டில் ரஃபிங், அதாவது முதல் முரட்டு வெட்டு, ஓடட்டும். பணம் முழுவதையும், கடைசி அளவுக்கு வெட்டும் ஒரே ஒரு நல்ல ஃபினிஷிங் மெஷினில் போடுங்கள்.

மெஷின் கேட்லாக்கைத் திறப்பதற்கு முன்னால், கடைசியாக அனுப்பிய நாலைந்து மோல்டின் ஜாப் கார்டை எடுத்து மணிக்கணக்கைப் பிரித்துப் பாருங்கள். மில்லிங்கில் எவ்வளவு, எலக்ட்ரோடு செய்ய எவ்வளவு, அந்த எலக்ட்ரோடு வைத்து மின்பொறியால் ஸ்டீலை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எவ்வளவு, பாலிஷ் பெஞ்சில் எவ்வளவு, இரு பாதிகளையும் பொருத்திச் சரிபார்க்கும் ஸ்பாட்டிங்கில் எவ்வளவு, ஒன்றுமே நடக்காமல் அடுத்த மெஷினுக்காகக் காத்திருந்தது எவ்வளவு. பெரும்பாலான சின்ன டூல் ரூம்களில் மில்லிங் பெரிய தலைவலியே இல்லை. அதற்கப்புறம் வருவதுதான் வாரங்களைத் தின்கிறது. ஆகவே ஒரு மில்லிங் மெஷினை மதிப்பிடும்போது "இது எவ்வளவு வேகமாக வெட்டும்" என்பதைவிட, "இது வந்தால் பின்னால் எந்த வேலை இல்லாமல் போகும்" என்று பார்ப்பதுதான் சரி.

ஸ்பார்க்கை எடுத்துக்கொள்வோம். பி-20 ஸ்டீல் சுமார் 30 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) கடினத்தோடு, முன்பே கடினமாக்கிய ப்ரீ ஹார்டன்டாகவே வருகிறது, அதில் பெரிய சிக்கல் இல்லை. கண்ணாடி இழை கலந்த கிளாஸ் ஃபில்டு நைலான் ஓடும் மோல்டு என்றால் கோர், கேவிட்டி (மோல்டின் உள், வெளி வடிவம் தரும் பாதிகள்) இரண்டையும் எச்-13 ஸ்டீலில் செய்து 48 முதல் 52 எச்ஆர்சி வரை ஹார்டன் பண்ணுகிறோம். பழைய வழியில் ஸ்டீல் மென்மையாக இருக்கும்போதே ரஃப் பண்ணி, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் காப்பர் எலக்ட்ரோடு வெட்டி ஸ்பார்க்கில் சைஸுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ரஃப் எலக்ட்ரோடு, ஃபினிஷ் எலக்ட்ரோடு என்று இரண்டு. அவற்றை டிசைன் செய்ய ஒருவர், வெட்ட உங்கள் அதே விஎம்சி. ஸ்பார்க் முடிந்தபின் மேல்தோலில் கடினமான ஒரு வெள்ளைப் படலம் நிற்கும், அதைப் பாலிஷ்காரர் கல் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். ஹார்டன் ஆகி வந்த பிளாக்கை நேராகவே கோட்டிங் போட்ட கார்பைடு கட்டரால் ஃபினிஷ் செய்யும் மெஷின் இருந்தால், இந்த முழுச் சங்கிலியில் பெரும்பகுதி அறுந்துவிடும். முழுவதும் அறாது. ஆழமான மெல்லிய ரிப், கூரான உள்மூலை, டெக்ஸ்சர் மாதிரி வருகிற ஸ்பார்க் ஃபினிஷ் இவற்றுக்கு ஸ்பார்க் மெஷின் வேண்டும், அதை விற்றுவிடாதீர்கள்.

அடுத்தது பாலிஷ். இங்கேதான் ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டின், வேகம் எதற்கு என்பது புரியும். உருண்டை நுனியுள்ள 6 மி.மீ. பால் நோஸ் கட்டர், இரண்டு பல். ஸ்டெப் ஓவர், அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, 0.2 மி.மீ. வைத்தால் தடங்களுக்கு நடுவே நிற்கும் மேடு கணக்குப்படி சுமார் 1.7 மைக்ரான். 0.1 ஆக்கினால் 0.4 மைக்ரான். மேடு நாலில் ஒன்றாகிறது, பாஸ் எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்கு. 100க்கு 100 மி.மீ. பரப்பில் 0.1 ஸ்டெப் ஓவர் என்றால் கட்டர் 100 மீட்டர் நடக்க வேண்டும். பல்லுக்கு 0.06 மி.மீ. ஃபீட் வைத்து 8,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் நிமிடத்துக்கு 960 மி.மீ. தான், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 20,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில் என்றால் 2,400 மி.மீ., நாற்பத்திரண்டு நிமிடத்தில் முடியும். பழைய விஎம்சியில் ஆபரேட்டர் நேரம் போதாமல் 0.25, 0.3 என்று ஸ்டெப் ஓவர் வைத்துவிட்டு "பாலிஷில் பார்த்துக்கலாம்" என்பார். பாலிஷில் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மூன்று நாள் போகும், அவர் தேய்த்த தேய்ப்பில் விளிம்பு உருண்டு போய், மோல்டின் பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனும் கெடும்.

இன்னொன்றும் உண்டு. பால் நோஸ் கட்டர் 6 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் 0.1 மி.மீ. ஆழத்தில் வெட்டும்போது உண்மையில் தொடும் விட்டம் ஒன்றரை மி.மீ. அளவுதான். நுனியில் வேகம் பூஜ்யம். 8,000 ஆர்பிஎம்மில் அந்த இடத்தில் கட்டிங் ஸ்பீட் நிமிடத்துக்கு 40 மீட்டரைத் தொடாது, அது வெட்டுவதில்லை, உராய்கிறது. அதனால்தான் சமதளமாகக் கிடக்கும் இடங்களில் பழைய மெஷின் மேற்பரப்பு மங்கலாக வருகிறது.

ஆர்பிஎம் மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. டேப்பரில் மட்டும் ஹோல்டரைப் பிடிக்கும் பிடி-40 வகை ஸ்பிண்டிலில் 12,000, 15,000 என்று எழுதியிருப்பார்கள். வேகம் கூடக் கூட ஸ்பிண்டில் வாய் விரிகிறது, கட்டர் ஹோல்டர் உள்ளே இழுபடுகிறது, இசட்டில் சில மைக்ரான் மாறுகிறது. முகமும் டேப்பரும் சேர்ந்து உட்காரும் எச்எஸ்கே வகை இதற்காக வந்ததுதான். அத்தோடு, சூடாக்கி ஆற வைத்துக் கட்டரை இறுக்கும் ஷ்ரிங்க் ஃபிட் ஹோல்டரும் அதைச் சூடாக்கும் மெஷினும் வாங்காமல், இருக்கிற பழைய கோலட்டிலேயே கட்டர் பிடித்தால் ரன் அவுட், அதாவது சுற்றும்போது வரும் ஆட்டம், சின்ன கட்டரைத் தின்றுவிடும். 1 மி.மீ. கட்டருக்கு 10 மைக்ரான் ஆட்டம் என்றால் ஒரு பல்தான் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைவ் ஆக்சிஸ் பற்றி. மோல்டு வேலைக்கு ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய அவசியம் அபூர்வம். டர்பைன் பிளேடு, இம்பெல்லர் செய்பவர்கள் கதை வேறு. நமக்கு வேண்டியது த்ரீ பிளஸ் டூ. அதாவது டேபிளைச் சாய்த்துப் பூட்டிவிட்டு, பிறகு மூன்று அச்சில் வெட்டுவது. காரணம் எளிமையானது. கட்டர் வளைவு அதன் நீட்டத்தின் மும்மடிப் பெருக்கில் கூடும். 60 மி.மீ. வெளியே நீட்டிய கட்டரை, பிளாக்கைச் சாய்த்து 30 மி.மீ. ஆக்கினால் வளைவு எட்டில் ஒன்று. ஆழமான கேவிட்டிச் சுவரில் அதிர்வு தடம் இல்லாமல் வருவதற்கு இதைவிட வேறு மந்திரம் இல்லை. சாய்வான எஜெக்டர் துளை, லிஃப்டர் பாக்கெட், ஸ்லைடு முகம், பக்கவாட்டுக் கூலிங் துளை எல்லாம் ஒரே செட்டிங்கில் முடிவது கூடுதல் லாபம். டயல் வைத்துப் பிளாக்கை மறுபடி மறுபடி நேராக்கும் நேரம் மிச்சம், ஒவ்வொரு தடவையும் சேரும் பிழையும் இல்லை. ஆனால் ரோட்டரி டேபிள் தாங்கும் எடையைப் பாருங்கள். உங்கள் கோர் பிளாக் அரை டன் என்றால் இந்த பட்ஜெட்டில் வரும் ஃபைவ் ஆக்சிஸ் உங்களுக்கு இல்லை, நல்ல மூன்று அச்சு ஹை ஸ்பீடே போதும். சின்ன மோல்டு, கனெக்டர், மூடி, மருத்துவப் பாகம் என்று செய்பவராக இருந்தால் த்ரீ பிளஸ் டூவுக்குப் போங்கள்.

வெப்பம். சென்னைக்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 11 முதல் 12 மைக்ரான் நீளும். அரை மீட்டர் பிளாக், காலையிலிருந்து மதியத்துக்குள் ஐந்து டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 30 மைக்ரான் போய்விட்டது. நைலான் போல இளகி ஓடும் பிளாஸ்டிக், பார்ட்டிங்கில் 20 மைக்ரான் இடைவெளி கிடைத்தாலே வெளியே கசிந்து ஃப்ளாஷ் அடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு கோடி ரூபாய் மெஷினை வைத்துவிட்டு அது சொன்ன துல்லியத்தை எதிர்பார்ப்பது வீண். ஏசி அறை, தரையில் சரியான ஃபவுண்டேஷன், ஈரம் நீக்கிய காற்று, ஸ்டெபிலைசர் அல்லது யுபிஎஸ் இவை எல்லாம் மெஷின் விலையில் சேர்ந்தவை என்றே கணக்குப் போடுங்கள். டேபிள் நிற்கும் இடத்தை நேராக அளக்கும் லீனியர் ஸ்கேல் வைத்த மெஷினா, டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் சுற்றை எண்ணும் என்கோடரை மட்டும் நம்பும் மெஷினா என்றும் கேளுங்கள். இரவு முழுக்க ஓடும் ஃபினிஷிங்கில் பால் ஸ்க்ரூ சூடாகி நீளும், ஸ்கேல் இருந்தால் அந்த நீட்சி அளவில் ஏறாது.

இப்போது பணம். மெஷினும் அதன் கூட வருவதும் 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் கையிலிருந்து, 90 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம். மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 91 ஆயிரம் வரும். ஒரே ஷிஃப்ட், மாதம் 25 நாள், அதில் ஸ்பிண்டில் நிஜமாகச் சுற்றுவது 60 சதவீதம் என்றால் மாதம் 120 மணி நேரம். தவணை மட்டுமே மணிக்கு 1,600 ரூபாய். இதே மெஷினை மாதம் 400 மணி நேரம் சுற்ற வைத்தால் 480 ரூபாய். கரண்ட், ஆள், கட்டர் எல்லாம் இதற்கு மேல். சீன விலையோடு மோதுவது பற்றிப் பேசுகிறோமே, சீனாவின் மோல்டு ஊர்களான டோங்குவானிலும் ஹுவாங்யானிலும் இருப்பவர்களுக்கும் ஸ்டீலும் கார்பைடும் சும்மா கிடைப்பதில்லை. அவர்கள் பலத்தில் பெரிய பங்கு, மெஷின் நிற்காமல் ஓடுவது. அதனால் மெஷின் விலையில் பேரம் பேசி இரண்டு லட்சம் குறைப்பதைவிட, ஸ்பிண்டில் மணியைக் கூட்டும் பொருள்களுக்கு அந்த இரண்டு லட்சத்தைக் கொடுங்கள்.

முதலாவது, பேலட்டை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் சட்டென்று பூட்டும் ஜீரோ பாயிண்ட் கிளாம்பிங். வெளியே மேஜையில் அடுத்த பிளாக்கைப் பேலட்டில் கட்டி வைத்துவிடலாம், மெஷினில் மாற்ற சில நிமிடம்தான். இரண்டாவது டச் ப்ரோப், லேசர் டூல் செட்டர். கட்டர் உடைந்தால் மெஷினே கண்டுபிடித்து அதே அளவுள்ள அடுத்த கட்டரை எடுக்கும். இது இல்லாமல் இரவில் ஆள் இல்லாமல் ஓட்டவே முடியாது, ஓட்டினால் காலையில் வந்து பார்க்கும்போது வயிறு எரியும். அப்புறம், கட்டரைத் தானாக மாற்றும் ஏடிசியில் இடம். 20 டூல் மேகசின், இரவு ஓட்டத்துக்குப் போதாது.

வாங்கும்போது பலர் மறப்பது ஜிஎஸ்டி. 18 சதவீதம் என்றால் 1 கோடியே 20 லட்சத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம். இன்புட் கிரெடிட்டாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் முதலில் கையிலிருந்து போகிறது, உங்கள் விற்பனை வரியில் கழிந்து தீர மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்டீல் வாங்க என்ன செய்வீர்கள் என்று யோசித்து வைக்க வேண்டும். கடனுக்கு உங்கள் வங்கியோடு டிக் எனப்படும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் சிறுதொழில் வங்கியான சிட்பியையும் கேட்டுப் பாருங்கள். மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையம். மானியம் வந்தால் சந்தோஷம், ஆனால் அதை எதிர்பார்த்துத் தவணைக் கணக்கைப் போடாதீர்கள். ஏற்றுமதி ஆர்டர் இருந்தால் மட்டும் இபிசிஜி என்ற மத்திய அரசுத் திட்டம் பற்றி யோசியுங்கள். இறக்குமதித் தீர்வை இல்லாமல் மெஷின் வரும், பதிலுக்கு, கட்டாமல் மிச்சப்படுத்திய தீர்வையின் 6 மடங்கு மதிப்புக்கு 6 வருடத்தில் ஏற்றுமதி காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

ஆள் விஷயம் சுருக்கமாக. மெஷினைவிட, கட்டர் போகும் பாதையை மென்பொருளில் போடும் கேம் புரோகிராமர் முக்கியம். மென்பொருள் பவர்மில், ஹைப்பர்மில் எதுவாக இருந்தாலும் ஃபைவ் ஆக்சிஸ் மாட்யூலும் மோதல் சோதிக்கும் சிமுலேஷனும் சேர்த்து விலை கேளுங்கள். கிண்டி சிப்பெட், என்டிடிஎஃப் மாதிரி தொழிற்பயிற்சி நிறுவனங்களில் படித்து வரும் பையன்களை எடுத்து, ஒருவரை மட்டும் நம்பாமல் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். நல்ல புரோகிராமரை ஓசூர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போவது உங்களுக்கும் தெரியும். இரண்டாவது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு ஸ்பிண்டில் நிற்கும், தவணை நிற்காது.

விற்பவரிடம் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் அழகான அலுமினிய டெமோ பீஸைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். உங்கள் சொந்த ஜாப் ஒன்றின் மாடலும், ஹார்டன் செய்த உங்கள் எச்-13 பிளாக்கும் கொண்டுபோய் வெட்டித் தரச் சொல்லுங்கள். முதல் பாக்கெட்டையும், எட்டு மணி நேரம் ஓடிய பிறகு வெட்டிய கடைசிப் பாக்கெட்டையும் சிஎம்எம் என்ற அளவு மெஷினில் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்பிண்டில் போனால் மாற்று ஸ்பிண்டில் இந்தியாவில் ஸ்டாக் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும், என்ன விலை என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதிவேக ஸ்பிண்டில் ஒருநாள் போகத்தான் செய்யும். செகண்ட் ஹேண்ட் ஜப்பான் மெஷின் பற்றி நிச்சயம் யாராவது உங்களுக்கு ஆசை காட்டுவார்கள். ரஃபிங்குக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். ஃபினிஷிங்குக்கு என்றால், மெஷின் வட்டத்தைச் சரியாகச் சுற்றுகிறதா என்று காட்டும் பால் பார் டெஸ்டும் ஸ்பிண்டில் அதிர்வு ரிப்போர்ட்டும் பார்க்காமல், கன்ட்ரோலருக்கு இன்னும் போர்டு கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் வேண்டாம்.

இன்னும் தயக்கம் இருந்தால் ஒன்று செய்யலாம். அடுத்த சில மோல்டுகளின் ஹார்ட் மில்லிங்கை, அதாவது ஹார்டன் ஆன ஸ்டீலை வெட்டும் வேலையை, ஹை ஸ்பீட் மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுங்கள். அம்பத்தூர், கோவை, ஓசூர் எங்கேயும் ஆள் இருக்கிறார்கள். அந்த பில்லை ஒரு பக்கமும், அதனால் எலக்ட்ரோடிலும் பாலிஷிலும் குறைந்த மணிகளை இன்னொரு பக்கமும் எழுதி வாருங்கள். பில் மட்டுமே மாதம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நின்றால் மெஷினை புக் பண்ணுங்கள். அதற்குக் கீழே இருந்தால், உங்களுக்கு இப்போதைக்குக் குறைவது மெஷின் இல்லை, ஆர்டர்.