வேலூரில் நர்ஸாக முதல் வேலையில் சேரப் போகிறேன், பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அடுத்த வாரம் வார்டில் சேர வேண்டும், தப்பு செய்துவிடுவேனோ என்று தூக்கமே வரவில்லை என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மருந்து அளவைப் பற்றிய பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு நான் அப்படி எடுத்தே விட்டேன். சீனியர் அக்கா குப்பியைத் திருப்பிப் பார்த்ததால் அந்தப் பெரியவர் தப்பினார். அன்றிலிருந்து குப்பியில் உள்ளதை வாய்விட்டுப் படிக்காமல் நான் மருந்து எடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

நைட் டூட்டி மெல்லப் பழகிவிடும்.

அப்புறம் மொழி. வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். வலிக்கு இந்தியில் தர்த், தெலுங்கில் நொப்பி, வங்காளியில் பேத்தா. முதல் நாளே இந்த மூன்றையும் கையேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு பாட்டியிடம் "பேத்தா?" என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் கையைப் பிடித்து வலிக்கும் இடத்தில் வைப்பார்.