பின்கோடு முதல் 21 இலக்கம் வரை: எண் கேள்விகளும் பதில்களும்

அம்மாப்பேட்டையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பெரிய எண்களைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (சேலம் டவுன்): சார், எங்கள் பின்கோடு 636001 பகா எண்தானே? 2, 3, 5, 7, 11, 13 எதிலும் மீதியில்லாமல் வகுபடவில்லை.

பதில்: பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அது 647 × 983. பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 118-ஆவது பகா எண்ணில்தான் மாட்டும். இதற்கு ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் வழி சுலபம்: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிகிறதா என்று பார்ப்பது. இதன் வர்க்கமூலம் 797-க்குக் கொஞ்சம் மேலே. ஆகவே 798-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கம் 636804. நம் எண்ணைக் கழித்தால் 803. அது வர்க்க எண் இல்லை. அடுத்து 799, 800... 18-ஆவது முயற்சியில் 815 வரும். 664225 − 636001 = 28224. இது 168-இன் வர்க்கம்! 815-இலிருந்து 168-ஐக் கழித்தால் 647, கூட்டினால் 983. நோட்டில் ஒரு பக்கம் போதும்.

கேள்வி (ஏற்காடு): அப்போ எங்கள் 636601?

பதில்: 7 × 199 × 457. ஏழிலேயே மாட்டிவிட்டது, முதல் கொண்டை ஊசி வளைவுகூடத் தாண்டவில்லை.

கேள்வி (ஆத்தூர்): அண்ணா, இந்த வழியில் எவ்வளவு பெரிய எண்ணையும் உடைத்துவிடலாமா?

பதில்: காரணிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தம்பி. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்றைக் குறைத்துப் பார்: 147573952589676412927. 21 இலக்கம். இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பட்டியல் போட்டார். இல்லை என்று 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிரூபித்தார், ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை. பகு எண் என்று தெரிவது வேறு, காரணி கிடைப்பது வேறு. 1903-இல் நியூயார்க்கில் கோல் என்ற பேராசிரியர் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டினார். வாயே திறக்கவில்லை என்பார்கள்.

ஒன்று 9 இலக்கம், இன்னொன்று 12 இலக்கம். ஃபெர்மா வழியில் போனால் 36,000 கோடி முயற்சிக்கு மேல் ஆகும். ஆனால் இதன் காரணி எதுவானாலும் 134-ஆல் (அடுக்கு 67-இன் இருமடங்கு) வகுத்தால் மீதி 1 வர வேண்டும். சிறிய காரணியைச் சோதித்துப் பார்: 134 × 1445580 + 1.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை): இவ்வளவு பெரிய பெருக்கலைக் கையால் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ஒன்பது தள்ளும் முறை. இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். இரு காரணிகளுக்கும் மீதி 1, விடைக்கும் 1. இடிக்கவில்லை. ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். மளிகைக் கணக்கில் 54-ஐ 45 என்று எழுதிவிட்டு, ஒன்பது தள்ளிப் பார்த்து "சரி" என்று டிக் போட்டவன் நான். இலக்கம் இடம் மாறினால் இந்த முறைக்குத் தெரியாது.

கேள்வி (ஓமலூர்): என் செல்போன் எண் பகா எண்ணா? முழுசாகப் போட மாட்டேன், 4-இல் முடியும்.

பதில்: போடவே வேண்டாம். அந்த 4 போதும். இல்லை.