வீட்டிலேயே எளிதாகச் செய்து பரிசளிக்க என்ன கைவினைப் பொருள் செய்யலாம்?

கையால் தைத்த நோட்டு. சோப்பு, மெழுகுவத்தி எல்லாம் அழகுதான், ஆனால் முதல் தடவை பெரும்பாலும் சொதப்பும்.

8 ஏ4 தாள்களை அடுக்கிப் பாதியாக மடித்தால் 32 பக்கம் கிடைக்கும். கெட்டி அட்டை ஒன்றை மடித்து மேலே போர்த்துங்கள். மடிப்பில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று என 3 துளை. ஊசியை உள்ளிருந்து நடுத் துளை வழியே வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விடுங்கள். நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுவில் உள்ளே கொண்டுவந்து, இரு நுனிகளையும் அங்கே நீளமாக ஓடும் நூலின் மேல் முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் போக்கிலேயே இழுக்கணும். வெடுக்கென்று குறுக்கே இழுத்தால் தாள் கிழியும். எனக்குக் கிழிந்திருக்கிறது!

உள்தாள்களின் ஓரம் கொஞ்சம் துருத்தி நிற்கும். ஸ்கேல் வைத்துக் கட்டரால் சீவிவிடுங்கள்.