கேள்வி பதில்: கென்னடியை மறுத்துப் பேசுன தூதர்

கே: 1962 கியூபா ஏவுகணை விவகாரம்னாலே கென்னடி, குருஷேவ் பேரைத்தான் சொல்றாங்க. பின்னாடி இருந்து காரியம் பார்த்தவங்க யாராச்சும் உண்டா? (வாசகர், திண்டுக்கல்)

ப: லெவெலின் தாம்ப்சன், மாஸ்கோவுல அமெரிக்கத் தூதரா இருந்துட்டு வந்தவர். இந்தப் பேர் இன்னும் நிறைய பேருக்குத் தெரியணுங்க. கியூபாவுல சோவியத் யூனியன் அணு ஏவுகணை வச்சதை அமெரிக்கா எடுக்கச் சொன்னதுதான் விவகாரம். அக்டோபர் 26 சோவியத் தலைவர் குருஷேவ்கிட்டருந்து அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு லெட்டர் வருது, கியூபா மேல படையெடுக்க மாட்டோம்னு சொன்னா ஏவுகணையை எடுத்துடறோம்னு. மறுநாளே ரேடியோவுல இன்னொண்ணு, துருக்கில நீங்க வச்சிருக்கற ஜூப்பிட்டர் ஏவுகணையையும் எடுக்கணும்னு. அதே நாள் கியூபாவுல அமெரிக்க யு-2 விமானத்தை சுட்டுத் தள்ளிட்டாங்க, பைலட் இறந்துட்டார், ராணுவத் தளபதிங்க குண்டு போடணும்னு நெருக்கறாங்க, பேசி இது தீராதுன்னு கென்னடிக்கே நம்பிக்கை போயிடுச்சு. கென்னடி ஆலோசகர்களோட பேசிட்டிருந்த ரூம்ல தாம்ப்சன் ஜனாதிபதி முகத்துக்கு நேரா, நான் ஒத்துக்கல, இன்னும் வாய்ப்பிருக்குன்னார். 'கியூபாவை நான்தான் காப்பாத்தினேன்'னு குருஷேவ் தன் ஆளுங்ககிட்ட சொல்லிக்க வழி விட்டா போதும், இறங்கி வருவார்னார். முதல் லெட்டருக்குத்தான் பதில் போச்சு. துருக்கி ஏவுகணையை எடுத்துடுவோம்னு அன்னிக்கு ராத்திரி ஜனாதிபதியோட தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினின்கிட்ட ரகசியமா சொன்னார், அதுவும் பெரிய காரணம்தான், மறைக்கக் கூடாது. 28ஆம் தேதி குருஷேவ் ஒத்துக்கிட்டார்.

கே: எதிராளி மனசு அவருக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சது? (அதே வாசகர்)

ப: பழகினதுதான். 1957லருந்து 62 வரைக்கும் மாஸ்கோவுல தூதரா இருந்து குருஷேவோட நேர்ல பேசிப் பழகினவர், அந்த ரூம்ல இருந்த வேற யாருக்கும் அந்த அளவு பழக்கம் கிடையாது. ஆனா விதை அதுக்கும் முன்னாடியே விழுந்தது. கொலராடோ பண்ணைக் குடும்பத்துப் பையன், 1929ல வெளியுறவுப் பணில சேர்ந்தார், முதல் போஸ்டிங்கே நம்ம பக்கத்துல, கொழும்பு. 1941 அக்டோபர்ல ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கினப்ப தூதரகத்தையே கிழக்கே தள்ளி இருக்கற குய்பிஷேவ் ஊருக்கு மாத்திட்டாங்க, தாம்ப்சன் மட்டும் சின்ன டீமோட மாஸ்கோவுலயே இருந்தார். ஊரோட சேர்ந்து அந்தக் கஷ்டத்தைப் பட்டவரை ரஷ்யாக்காரங்க மறப்பாங்களா! அப்புறம் ஆஸ்திரியாவுல ரஷ்யாக்காரங்களோட வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை, 1955 மே மாசம் வியன்னால கையெழுத்தான ஒப்பந்தத்துல இவர் கையெழுத்தும் இருக்கு, போர் முடிஞ்சதுலருந்து ஆஸ்திரியாவைப் பிடிச்சு வச்சிருந்த நாலு நாட்டுப் படைகளும் அந்த நாட்டைவிட்டுப் போனது அதனாலதான். இவ்ளோ பொறுமையை எந்த ஆபீஸ்லயும் உக்காந்து படிக்க முடியாதுங்க.

கே: கடைசி காலம்? (அவரே)

ப: 1967ல திரும்பவும் மாஸ்கோ தூதர். 69ல ரிட்டயர் ஆனப்புறமும் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுக்குக் கூப்பிட்டாங்க, போனார். 1972ல புற்றுநோய்ல இறந்துட்டார்.